அகராதி வைத்து அமுக்கிய கதை

சித்திரை மாதம் பாதியிலேயே என் லேப்டாப் சரியாக மூடாமல் போனது. ஒரு விரற்கடை இடைவெளி விட்டுக்கொண்டு வாயைத் திறந்தபடி நிற்கும். மேஜை மேல் வைத்தால் ஆடும். மேஜையின் கால்தான் கோணல் என்று நினைத்து, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை நாலாக மடித்து அடியில் கொடுத்தேன். மேஜை ஆடவில்லை, லேப்டாப் ஆடியது.

பிறகு எலிப்பட்டை, அதாவது விரலால் தடவுகிற அந்தச் சதுரம், அமுங்க மறுத்தது. கொஞ்சம் மேடாகவும் தெரிந்தது. வெயில் காலம், பிளாஸ்டிக் நெளிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி எழுதி முடித்ததும் மூடிவைத்து, அதன் மேல் என் தமிழ் அகராதியைத் தூக்கி வைத்துவிடுவேன். கெட்டி அட்டை, ஆயிரம் பக்கத்துக்கு மேல். காலையில் பார்த்தால் கொஞ்சம் படிந்த மாதிரி இருக்கும். ஆக, வைத்தியம் பலிக்கிறது! இப்படி ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டினேன்.

இதை எழுதுகிறவன் முப்பத்தைந்து வருஷம் பேட்டரியோடு குடும்பம் நடத்தியவன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

நான் தொலைபேசித் துறையில் சேர்ந்தது 1974இல். அப்போது தபாலும் தந்தியும் ஒரே குடும்பம், 1985இல்தான் பாகப்பிரிவினை. எக்ஸ்சேஞ்ச் என்றால் ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச். உள்ளே நுழைந்தால் ஆயிரம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். அத்தனைக்கும் உயிர் கொடுப்பது பின்பக்கம் தனியாக இருக்கும் பேட்டரி ரூம். ஒவ்வொன்றும் 2 வோல்ட் என்று 24 ஈய அமில செல்கள் வரிசையாக நிற்கும், மொத்தம் 48 வோல்ட். ஒரு செல்லைத் தூக்க நாலு ஆள் வேண்டும். காலையில் போனதும் ஹைட்ரோமீட்டரை விட்டு ஒவ்வொரு செல்லின் அமில அடர்த்தியையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். குறைந்த இடத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். முனைகளில் வாசலைன் தடவ வேண்டும். அமிலம் கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது. புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாள் இந்தப் பாடத்தைத்தான் நடத்துவேன். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் அடிக்கும்.

சார்ஜ் ஏறும்போது அந்த செல்கள் ஹைட்ரஜனை விடும். அதனால் பேட்டரி ரூமில் தீக்குச்சி என்ற பேச்சே கூடாது. கதவில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும்.

1986இல் ஒரு நாள், எங்களிடம் கேஷுவல் மஸ்தூராக இருந்த ஒரு பையன் காதில் பீடி செருகிக்கொண்டு உள்ளே வந்தான். பற்றவைத்த பீடி இல்லை. சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டுப் போக வந்தவன். நான் அப்போதுதான் ஜூனியர் இன்ஜினியர் ஆகியிருந்தேன், விறைப்பு ஜாஸ்தி. எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் கேஷுவல் ஆட்களுக்கு நாள் கணக்குதான் எல்லாம். வருஷத்தில் 240 நாள் காட்டினால்தான் நாளைக்கு நிரந்தரம் என்று வாய் திறந்து கேட்க முடியும். அவனுக்கு அந்த வருஷம் கணக்கு இடித்தது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும், “பாதுகாப்பு விஷயத்தில் தயவு தாட்சண்யம் கூடாது” என்று பேசிக்கொண்டு திரிந்தேன்.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன்.

இந்த வருஷம் மே மாத லீவுக்குப் பெங்களூரிலிருந்து மகன் குடும்பம் வந்திருந்தது. பேரனுக்கு ஒன்பது வயது. மத்தியானம் சாப்பிட்டதும் என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போய்விடுவான். இலவம்பஞ்சு மெத்தை. சார்ஜர் செருகியபடியே இருக்கும். கார்ட்டூன் ஓட ஓட, அதன் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போவான். நான் மெதுவாக அவன் தலையை நகர்த்தித் தலையணையில் வைப்பேன். கன்னத்தில் சூடு தெரியும். “பாரு, பிள்ளைக்கு எப்படி வேர்க்குது” என்று ஃபேனைக் கூட்டி வைப்பேன். மூன்று வாரம் தினமும் இதே கதை.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இதை என்னவென்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். 18 சதவீதம் சார்ஜ் காட்டியது, அணைத்தேன். சார்ஜரைப் பிடுங்கினேன். கவிழ்த்துப் போட்டு, அடிமூடியின் பத்து ஸ்குரூவையும் கழற்றி, எது எந்த இடம் என்று காகிதத்தில் படம் போட்டு அதன் மேலேயே வைத்தேன். அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை. கடைசி ஸ்குரூ வந்ததும் மூடி தானாகவே எழும்பியது. உள்ளேயிருந்து எதுவோ தள்ளியதுபோல.

உள்ளே மூன்று கறுப்புப் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று தட்டையாக இருந்தது. ஒன்று லேசாக உப்பியிருந்தது. நடுவில் இருந்தது எண்ணெயில் போட்ட பூரி.

ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் காய் நறுக்குகிற கத்தியை எடுத்து வந்தேன். பசை போட்டு ஒட்டியிருக்கிறது, நெம்பி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டால் தீர்ந்தது. கத்தி நுனியை விளிம்பில் வைத்துக் குனிந்தபோது ஒரு வாசனை வந்தது. பெண்கள் நகப்பூச்சு அழிக்கிற திரவம் இருக்கிறதே, அது மாதிரி, கொஞ்சம் தித்திப்பாக. ஈய அமில பேட்டரியில் கந்தக நெடி வரும், மூக்கை அறுக்கும். அது எனக்குப் பழக்கம். இது பழக்கமில்லாத வாசனை. பழக்கமில்லாததால்தான் கை நின்றது.

“ஏங்க, என் கத்தியை வெச்சு அங்க என்ன பண்றீங்க?” என்று வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் வாசனை வந்திருக்க வேண்டும். கத்தியை வாங்கிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, மகனுக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தாள்.

வீடியோவில் காட்டினேன். மகன் அரை நிமிஷம் பேசவில்லை. பிறகு, “அப்பா, கையை எடுங்க. கத்தி, ஸ்குரூடிரைவர் எதுவும் கிட்ட கொண்டுபோகாதீங்க” என்றான். கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். உப்பிய பேட்டரியை எந்தக் கூரியரும் வாங்கக் கூடாது, விமானத்தில் ஏற்றவே கூடாது என்றான். தில்லைநகரில் ஒரு கடை இருக்கிறது, அந்தப் பெண் நன்றாகச் செய்வார் என்று நம்பர் அனுப்பினான்.

அந்தப் பெண் போனிலேயே நாலு கேள்வி கேட்டார். புகை வருகிறதா? சூடாக இருக்கிறதா? சார்ஜர் கழற்றியாயிற்றா? எத்தனை சதவீதம் இருந்தது? பதினெட்டு என்றதும், “அது நல்லதுதான் ஐயா. சார்ஜ் கம்மியா இருந்தா உள்ள இருக்கிற சக்தியும் கம்மி” என்றார். பேட்டரியிலிருந்து போர்டுக்குப் போகும் இணைப்பு நகத்தால் தள்ளுகிற தூரத்தில் இருந்தால் மெல்ல விலக்கிவிடச் சொன்னார். கஷ்டமாக இருந்தால் தொட வேண்டாம். அப்படியே வீட்டுக்கு வெளியே, எரியாத இடத்தில், நிழலில் வைக்கச் சொன்னார். “ஆட்டோவுல கொண்டு வராதீங்க, குலுங்கும். காலைல நானே வர்றேன்.”

பின்கட்டில் துவைக்கிற கல் மேல் அன்று ராத்திரி என் லேப்டாப் படுத்தது. நான் படுக்கவில்லை. மூன்று தடவை டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு தகர டப்பாவில் காய்ந்த மணல், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, இரண்டு மூன்று பிளாஸ்டிக் கரண்டி மாதிரியான கருவிகள். இரும்பு என்று பார்த்தால் ஸ்குரூடிரைவர் ஒன்றுதான், அதையும் தள்ளியே வைத்தார். உள்ளே எடுத்துப் போகலாமா என்றேன். “இங்கயே செய்வோம் ஐயா. காத்தோட்டமா இருக்கு.”

முதலில் இணைப்பு விலகியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பவர் பட்டனைப் பதினைந்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தார். போர்டில் மிச்சம் மீதி இருக்கும் மின்சாரம் வடிவதற்காம். நாங்கள் ரெக்டிபையரில் கை வைக்கும் முன் கெப்பாசிட்டரை எர்த் பண்ணுவோம், அதேதான்.

பேட்டரியின் விளிம்பில் சின்ன பாட்டிலிலிருந்து ஐசோபுரொபைல் ஆல்கஹால் நாலு சொட்டு விட்டார். பசை இளக இரண்டு மூன்று நிமிஷம் விட வேண்டும். காத்திருக்கும்போது வீட்டம்மா மோர் கொண்டுவந்தாள். பிறகு பல் இடுக்கில் விடுகிற நூலை எடுத்து, இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, பேட்டரிக்கு அடியில் கொடுத்து இப்படியும் அப்படியுமாக இழுத்தார். அவித்த முட்டையை நூலால் அறுப்பது போல. நெம்பவே இல்லை, வளைக்கவும் இல்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். முழுதாகக் கையில் வந்தது. மணலில் வைத்த பிறகுதான் பேசினார்.

“இந்த ஓரத்தைப் பாருங்க. லேசாக் கசிஞ்சிருக்கு. மேல கனமா எதாவது வெச்சீங்களா?”

அகராதியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். இதற்குள் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக, நடுவில் சவ்வுபோல ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்துச் சுருட்டியிருக்கும். ஊறியிருப்பது அமிலம் இல்லை. தீப்பிடிக்கக்கூடிய ஒரு கரைப்பான். வயதாகியோ சூட்டாலோ அது சிதையும்போது வாயு உண்டாகும். எங்கள் ஈய செல்லில் வாயு போக மூடியில் துளை இருந்தது. இதில் துளை கிடையாது, பை உப்பும். அமுக்கினாலோ குத்தினாலோ உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்து இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும். அந்தச் சூடு பக்கத்து அடுக்கைச் சிதைக்கும், அது இன்னும் சூட்டைக் கிளப்பும். ஒரு செல் போனால் அடுத்ததும் பின்னாலேயே போகும். வெளியே வரும் புகையும் விஷம். “புகைய ஆரம்பிச்சா அதைத் தூக்கிட்டு ஓடணும்னு நினைக்காதீங்க ஐயா. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடுங்க. கதவைச் சாத்திட்டு 101க்குப் போன் போடுங்க” என்றார்.

எனக்கு இலவம்பஞ்சு மெத்தை ஞாபகம் வந்தது. மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். எட்டு வருஷப் பழையது என்பது ஒரு காரணம். இன்னொன்று, எப்போதும் சார்ஜில் போட்டே வைத்திருப்பீர்களா என்று கேட்டார். ஆமாம், இராப்பகலாக. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எக்ஸ்சேஞ்சில் அதற்கு ஃப்ளோட் என்று பெயர். ஒரு செல்லுக்கு 2.15 வோல்ட் அளவில் இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜில் மிதக்கவிட்டால் ஈய அமில பேட்டரி ரொம்ப நாள் வாழும். காலியாகப் போட்டால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். “பேட்டரியைப் பட்டினி போடாதே” என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

“இது அதுக்கு நேர் எதிர் ஐயா. இதுக்கு வயிறு முட்டச் சாப்பாடு போட்டு, வெயில்லயும் உட்கார வெச்சாதான் சீக்கிரம் வீணாப் போகும்” என்றார்.

கற்றதெல்லாம் சரிதான், ஆனால் அது வேறு பேட்டரிக்குக் கற்றது. இந்த லித்தியம் அயன் பேட்டரி 1991லேயே கடைக்கு வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்ததற்காக 2019இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அதில் குட்எனஃப் என்பவருக்கு அப்போது 97 வயது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்து, “இந்த வயசில பார்” என்று வீட்டம்மாவிடம் காட்டியவன் நான். மடியில் இருப்பது அதே பேட்டரிதான், அதன் குணம் என்ன என்று ஒரு நாளும் விசாரிக்கவில்லை.

புதுப் பேட்டரி வாங்குவதிலும் ஒரு பேரம் நடந்தது. இணையத்தில் 1,600 ரூபாய்க்கு ஒன்று கிடந்தது, படத்தில் அச்சாக இதே மாதிரி. அவர் சொன்னது 3,900. பென்ஷன்காரனுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாமல் இருக்குமா? பழைய பேட்டரியின் முதுகில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பார்ட் நம்பர், 11.4 வோல்ட், 42 வாட் ஹவர். இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும், உருவம் ஒத்துப்போனால் போதாது. 42ஐ 11.4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3,680 மில்லியாம்பியர் ஹவர் வரவேண்டும். அந்த 1,600 ரூபாய்ச் சரக்கில் அதே வோல்ட், அதே 42 வாட் ஹவர், கூடவே 5,200 மில்லியாம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கணக்கே உதைக்கிறது. விளம்பரத்திலேயே பொய் சொல்கிறவன், உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டில் மட்டும் உண்மையாக இருப்பானா? 3,900 கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்து மாட்டினார். பத்து நிமிஷ வேலை. என் ஸ்குரூ படத்தைப் பார்த்து, “சூப்பர் ஐயா, நான்கூட இப்படிப் போடறதில்லை” என்றார். அந்த வாரம் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். செட்டிங்கில் போய், சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி செய்து கொடுத்தார். எல்லா லேப்டாப்பிலும் இந்த வசதி இல்லையாம். இல்லாதவர்கள் நிறைந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். மெத்தை, தலையணை மேல் வைக்கவே கூடாது. இன்னொரு வித்தையும் கற்றுக்கொடுத்தார். விண்டோஸில் கறுப்புத் திரையைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்வுக்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடித்தால் ஒரு அறிக்கை வரும். பிறந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு வரி இருக்கும். எங்கள் ஹைட்ரோமீட்டர் நோட்டுக்குப் பேரன் முறை. இப்போது மாதம் பிறந்தால் அதைப் பார்த்து டைரியில் எழுதி வைக்கிறேன்.

அன்று சாயங்காலம் அந்தப் பீடிக்காரத் தம்பியின் நம்பரைத் தேடினேன். பழைய யூனியன் நண்பர் ஒருவரிடம் இருந்தது. அவருக்கும் இப்போது அறுபது தாண்டிவிட்டது. நிரந்தரமானது சில வருஷம் தள்ளித்தான். ரிட்டயர் ஆகி மகள் வீட்டில் இருக்கிறார். யாரென்று சொன்னதும், “சார்! நல்லா இருக்கீங்களா?” என்று குரலை உயர்த்தினார். நான் லேப்டாப் கதையை ஆரம்பித்தேன். அகராதி, மெத்தை, பேரன் கன்னம் எல்லாம் சொன்னேன். அவர் உச்சுக்கொட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், 1986இல் எழுதிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அதை மறக்க முடியுமா சார். நீங்க எழுதினது தப்பில்லை. தீப்பெட்டியோட வந்தது என் தப்புதான்.” நிறுத்தினார். “ஆனா மூணு வாரம்கிறது ஜாஸ்தி சார்.”

ஜாஸ்திதான் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. பீடியை விட்டாயிற்றா என்று கேட்டேன். மாரடைப்பு வந்த பிறகு விட்டதாகச் சொன்னார். திருச்சிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

உப்பிய பேட்டரியை அந்தப் பெண் மணல் டப்பாவோடு எடுத்துப் போய்விட்டார். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே பற்றிக்கொள்ளும். பேட்டரிக் கழிவு பற்றி 2022இல் மத்திய அரசு விதியே கொண்டு வந்திருக்கிறது. தயாரிப்பவர்கள் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கடைக்கு அவ்வப்போது சேகரிக்கிறவர்கள் வருவார்கள், வேறு ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேடிப் பார்த்தேன். பீரோவிலும் பரண் மேலும் நாலு பழைய செல்போன், பேரனின் உடைந்த டேப்லெட், சார்ஜ் ஏறாத ஒரு பவர் பேங்க். அதில் ஒரு செல்போனின் முதுகு வீங்கி, மூடி பிளந்திருந்தது. அத்தனையையும் காய்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில் ஒன்றோடொன்று முட்டாமல் புதைத்து, பின்கட்டு நிழலில் வைத்திருக்கிறேன்.

அது வீட்டம்மா மீன் குழம்புக்கென்று பழக்கி வைத்திருந்த சட்டியாம். எப்போது திரும்பக் கிடைக்கும் என்று நேற்றும் கேட்டாள். சேகரிக்கிறவர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் இனிமேல் குழம்பு வைக்க முடியாது என்பதை இன்னும் சொல்லவில்லை.